நூறைத் தாண்டிய பேஸ்பால் வீரர்களும் ஒரு சல்லடையும்

1948 ஜூன் 13. நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம் திறக்கப்பட்டு 25 ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாடும் விழா. அமெரிக்கா தலையில் வைத்துக் கொண்டாடிய பேஸ்பால் வீரர் பேப் ரூத், தன் பழைய 3ஆம் எண் சீருடையில் மைதானத்துக்குள் வர வேண்டும். புற்றுநோய் அவரை உருக்கிவிட்டிருந்தது. சீருடை தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது. எதிரணியான கிளீவ்லாந்து வீரர்கள் அமரும் இடத்திலிருந்து அவர் தள்ளாடி எழுந்தபோது, பக்கத்தில் இருந்த 27 வயது இளைஞர் ஒருவர் அங்கே கிடந்த மட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அதை ஊன்றிக்கொண்டுதான் ரூத் கூட்டத்தின் முன் நடந்தார். அவருடைய முதுகுப் பக்கமாக நின்று நாட் ஃபெய்ன் எடுத்த புகைப்படம் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. விழா நடந்து இரண்டு மாதங்களில், ஆகஸ்ட் 16 அன்று, ரூத் இறந்துபோனார். வயது 53.

மட்டையை நீட்டிய இளைஞரின் பெயர் எடி ராபின்சன். அவர் இறந்தது 2021 அக்டோபர் 4 அன்று. நூறு வயது நிறைந்து ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன.

ஒரே விளையாட்டு, ஒரே மைதானம், ஒரே மட்டையைப் பிடித்த இரண்டு கைகள். ஒருவருக்கு 53, இன்னொருவருக்கு 100. இதைப் படித்தவுடன் நமக்கு வாயில் வரும் கேள்வி, "ராபின்சன் அப்படி என்னதான் செய்தார்?" என்பது. நூறைத் தொட்ட எவரிடமும் இதைத்தான் கேட்கிறோம். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன பழக்கம்? அவர்களும் அன்போடு ஏதாவது சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் கணக்கில் யார் யார் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், யார் யார் உள்ளேயே வரவில்லை? நீண்ட ஆயுளைப் பற்றிய செய்திகளைப் புரிந்துகொள்ள இதைவிடப் பயனுள்ள கேள்வி எனக்குத் தெரிந்து வேறில்லை. அதைக் கற்றுக்கொள்ள பேஸ்பாலைவிட நல்ல பள்ளிக்கூடமும் இல்லை.

ஏன் பேஸ்பால்? அந்த விளையாட்டின் விதிகள் நமக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பந்தை எறிபவர் பிட்சர், மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அதைப் பிடிப்பவர் கேட்சர், மற்றவர்கள் களம் காப்பவர்கள் என்ற அளவு போதும். முக்கியமானது அதன் பதிவேடு. நேஷனல் லீக் 1876இலும் அமெரிக்கன் லீக் 1901இலும் மேஜர் லீக்குகளாக ஆடத் தொடங்கின. இந்த உயர்மட்ட லீக்குகளில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியவருக்குக்கூட ஏட்டில் ஒரு வரி உண்டு. பிறந்த நாள், பிறந்த ஊர், உயரம், எடை, எந்தக் கையால் எறிவார், எந்தக் கையால் அடிப்பார், எப்போது இறந்தார் என்பதுவரை. 1971இல் கூப்பர்ஸ்டவுனில் தொடங்கப்பட்ட பேஸ்பால் ஆய்வாளர் சங்கம் ஒன்று, மறந்துபோன வீரர்களின் பிறப்பு இறப்பு விவரங்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதையே ஒரு தவமாகச் செய்துவருகிறது. இப்படி 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் வாழ்நாள் கணக்கு வரிசையாகக் கிடைக்கிறது. ஒரே தொழிலைச் செய்தவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குத் தொடர்ச்சியாக இப்படி ஓர் ஏடு அமைவது அபூர்வம். மருத்துவப் புள்ளியியல்காரர்கள் இதை விட்டுவைப்பார்களா?

அந்த ஏட்டில் நூறைத் தொட்டவர்கள் சில பத்துப் பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் நட்சத்திரங்கள் அல்லர். வந்தார்கள், சில ஆட்டங்கள் ஆடினார்கள், போய்விட்டார்கள். ஆனாலும் ஒவ்வொருவரிடமும் ஒரு நாள் இருக்கிறது.

ஃப்ரெட் கலிகியூரியை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாக்காரர். பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணிக்காக இரண்டே பருவங்கள் பந்து எறிந்தார். 1941 செப்டம்பர் 28, அந்தப் பருவத்தின் கடைசி நாள். பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் .400 என்ற சராசரியின் விளிம்பில் நின்றிருந்தார். பத்துமுறை மட்டை பிடித்தால் நான்குமுறை வெற்றிகரமாக அடித்தார் என்று அதற்குப் பொருள். அன்று ஓய்வெடுத்திருந்தால் அவர் சராசரி .400 என்றே பதிவாகியிருக்கும். அவர் ஓய்வெடுக்கவில்லை. அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, எட்டு வாய்ப்புகளில் ஆறில் அடித்து, .406இல் முடித்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ எவரும் அந்த .400ஐ எட்டவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் முழுக்க முழுக்க அவருக்குப் பந்து எறிந்த புதுமுகம் கலிகியூரி. வில்லியம்ஸ் அடித்தார், ஆனால் ஆட்டத்தை வென்றது கலிகியூரியின் அணி. வரலாற்றின் மறுமுனையில் நின்ற அந்த இளைஞர் 2018 அக்டோபரில் நூறைத் தொட்டு, அடுத்த மாதக் கடைசியில் மறைந்தார்.

அதேபோல ஆர்ட் ஷாலக். 1951 கோடையில் யாங்கீஸ் அணி இவருக்கு இடம் தருவதற்காக ஒரு 19 வயதுப் பையனைத் தற்காலிகமாகச் சிறிய லீக்குக்கு அனுப்பிவைத்தது. அந்தப் பையன் மிக்கி மேன்டல், பின்னாளில் அமெரிக்காவின் செல்லப்பிள்ளை. மேன்டல் 1995இல் 63 வயதில் இறந்தார். ஷாலக் 2025 மார்ச்சில், 101ஆம் பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது இறந்தார்.

இப்படிக் கதைகளாக அடுக்கிக்கொண்டே போனால், பேஸ்பால் ஆடினால் ஆயுள் கூடும் என்ற எண்ணம் தானாக மனதில் வந்து உட்கார்ந்துவிடும். அது வெறும் எண்ணமும் அல்ல, எண்களும் அப்படித்தான் சொல்கின்றன. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, மேஜர் லீக்கில் ஆடும் 20 வயது இளைஞர் தன் வயதொத்த மற்ற அமெரிக்க ஆண்களைவிட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கூடுதலாக வாழ்வார் என்று கணக்கிட்டது. 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு 10,451 வீரர்களை எடுத்துக்கொண்டு 1979 முதல் 2013 வரை யார் இறந்தார்கள் என்று பார்த்தது. அமெரிக்க ஆண்களின் பொதுவான இறப்பு விகிதத்தைவிட வீரர்களின் விகிதம் 24 விழுக்காடு குறைவாக இருந்தது.

இங்கேதான் சற்று நிற்க வேண்டும்.

ஒரு சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவைச் சலிக்கிறோம். கீழே விழுந்தது அத்தனையும் நைசாக இருக்கிறது. சல்லடைதான் மாவை நைசாக அரைத்தது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்வோமா? மாவு ஏற்கெனவே அரைபட்டுத்தான் வந்தது. சல்லடை பிரித்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

மேஜர் லீக் அப்படிப்பட்ட சல்லடை. இருபது வயதில் அந்த வாசலை எட்ட வேண்டுமென்றால், குழந்தைப் பருவத்தில் இதயக் கோளாறு இருந்திருக்கக் கூடாது. காசநோய் தாக்கியிருக்கக் கூடாது. ஆஸ்துமா முடக்கியிருக்கக் கூடாது. வயிறார உண்டு வளர்ந்த உடம்பு வேண்டும். கண் துல்லியமாகத் தெரிய வேண்டும். "அமெரிக்க ஆண்கள்" என்ற பொதுக் கணக்கிலோ இவை எல்லாம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பிறவியிலேயே நோய் கொண்டவர்கள், சுரங்கத்தில் நுரையீரலைப் பறிகொடுத்தவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், சிறையில் இருப்பவர்கள், எல்லோரும் அந்தக் கூட்டத்தில்தான். சலித்த மாவைச் சலிக்காத மாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாமல் எப்படி இருக்கும்?

இதற்கு ஆய்வுலகில் "ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு" என்று பெயர். பேஸ்பாலுக்காகப் பிறந்த கருத்து அல்ல இது. 1885இலேயே இங்கிலாந்தில் இறப்புப் பதிவுகளைக் கவனித்துவந்த வில்லியம் ஓகிள் என்ற மருத்துவர் இதன் இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டார். கடினமான தொழில்களுக்குள் பலவீனமானவர்கள் நுழைவதே இல்லை. நுழைந்த பிறகு உடல் குலைந்தவர்கள் அந்தத் தொழிலைவிட்டு வெளியேறி வேறு எளிய வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே உடலை வருத்தும் தொழில் ஒன்று ஏட்டில் ஆரோக்கியமான தொழிலாகத் தெரியலாம். எளிய வேலை ஒன்று ஆளைக் கொல்லும் வேலையாகத் தெரியலாம். இரண்டும் தோற்றப் பிழைகள்.

இரண்டாவது முகமும் பேஸ்பாலில் அப்படியே இருக்கிறது. அதே 2019 ஆய்வு, நீண்ட காலம் ஆடியவர்களுக்கு இறப்பு விகிதம் இன்னும் குறைவு என்று கண்டது. ஆடியதால் ஆயுள் கூடியதா, உடம்பு ஒத்துழைத்ததால் நீண்ட காலம் ஆட முடிந்ததா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம். ஏட்டை மட்டும் பார்த்து ஒன்றைப் பிரித்துச் சொல்வது கடினம். நீண்ட காலம் ஆடியவர்களிடம் நுரையீரல், இரத்த, தோல் புற்றுநோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. வீரர்கள் மெல்லும் புகையிலையோடும் உச்சி வெயிலோடும் காலம் தள்ளியவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அது வியப்பில்லை. "விளையாட்டு ஆயுளைக் கூட்டும்" என்ற ஒற்றை வரியில் இந்தப் பாதி விடுபட்டுப்போகிறது.

சரி, சல்லடையின் குழப்பத்தைத் தவிர்க்க வழி உண்டா? உண்டு. சலித்த மாவைச் சலித்த மாவோடு ஒப்பிட வேண்டும். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அப்படிச் செய்ததுதான். அதே 2019இல் வெளிவந்த அந்த ஆய்வில் 3,419 அமெரிக்கக் கால்பந்து வீரர்களையும் 2,708 பேஸ்பால் வீரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கக் கால்பந்து என்பது நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதி ஓடும் ஆட்டம். இரண்டு கூட்டமும் உடல்வலு என்ற சல்லடையைத் தாண்டி வந்தவை. இரண்டும் தொழில்முறை வீரர்கள், புகழையும் பணத்தையும் பார்த்தவர்கள். வேறுபாடு, ஒரு விளையாட்டில் தலையோடு தலை மோதுகிறார்கள், மற்றதில் பெரும்பாலும் இல்லை. முடிவு தெளிவாக வந்தது. கால்பந்து வீரர்களின் இறப்பு விகிதம் 26 விழுக்காடு கூடுதல். இதய நோய்களால் இறப்பது இரண்டு மடங்குக்கும் மேல். மூளை நரம்புகள் சிதையும் நோய்களோடு இறப்பது ஏறத்தாழ மூன்று மடங்கு. பொதுமக்களோடு ஒப்பிட்டிருந்தால் இவ்வளவு கூர்மையாகத் தெரிந்திருக்காது, ஏனென்றால் கால்பந்து வீரர்களும் பொதுமக்களைவிட நன்றாக இருப்பதாகவே சல்லடை காட்டியிருக்கும். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது.

பேஸ்பாலுக்குள்ளேயேகூட இப்படிப் பார்க்கலாம். ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ் ஆகிய இடங்களில் காவல் நிற்பவர்கள் துடிப்பான, மெலிந்த உடல்வாகு கொண்டவர்கள். அவர்களுடைய இறப்பு விகிதம் பிட்சர்களுடையதைவிடக் குறைவு. கேட்சர்களுக்குச் சிறுநீரக, சிறுநீர்ப்பாதை நோய்களால் வரும் இறப்பு அதிகம் என்றும் 10,451 வீரர்களைப் பார்த்த அந்தப் பெரிய ஆய்வு கண்டது. பருவம் முழுவதும் குந்தியே உட்கார்ந்திருக்கும் வேலை அது.

சல்லடைக்கு ஒரு தம்பியும் உண்டு. அவன் இன்னும் தந்திரசாலி.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். இறந்தவர்களின் சராசரி வயதைப் பார்த்தால், இளநிலைப் பாதிரியார்களைவிடப் பேராயர்கள் நெடுநாள் வாழ்ந்ததாகத் தெரிகிறது. இளநிலை அதிகாரிகளைவிடத் தளபதிகள் நெடுநாள் வாழ்ந்ததாகத் தெரிகிறது. பதவி ஆயுளைத் தந்ததா? இல்லை. இருபத்தைந்து வயதில் எவரும் பேராயர் ஆவதில்லை. அறுபதுவரை உயிரோடு இருந்தவருக்குத்தான் அந்தப் பட்டம் கிடைக்கிறது. முப்பதில் இறந்தவர் இளநிலைப் பாதிரியாராகவே கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறார்.

பேஸ்பாலின் புகழ்மண்டபம் கூப்பர்ஸ்டவுனில் இருக்கிறது. அதில் இடம்பெற்ற வீரர்களில் மிக நீண்ட ஆயுள் பாபி டோயருடையது. பாஸ்டன் அணியின் இரண்டாம் பேஸ் காவலர். 2017இல் 99 வயதில் மறைந்தார். அவரை மண்டபத்தில் சேர்த்தது 1986இல். ஆட்டத்தை நிறுத்தி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன, வயது 68. அந்த மாலையைக் கழுத்தில் வாங்க அவர் 68வரை உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. "உயிரோடு இருக்கும்போதே புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள்" என்று ஒருவர் கணக்குக் காட்டினால், அந்தக் கணக்கு தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது என்று அர்த்தம். சேர்க்கப்படும் நாள்வரை அவர்கள் சாகவில்லை என்பது நிபந்தனையிலேயே ஒளிந்திருக்கிறது. ஆய்வாளர்கள் இதற்குச் "சாகாக் காலம்" என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்.

இந்தப் பிழை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. உலகம் முழுவதும் பல பெற்றோரை அது கலங்கவைத்திருக்கிறது. 1988இல் இரண்டு உளவியலாளர்கள் பேஸ்பால் கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, இடதுகை வீரர்களைவிட வலதுகை வீரர்கள் சில மாதங்கள் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று ஒரு புகழ்பெற்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். பிறகு 1991இல், தெற்கு கலிபோர்னியாவில் இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் விசாரித்து, இடதுகைக்காரர்கள் ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று அறிவித்தார்கள். வலதுகைக்காரர்களின் சராசரி 75, இடதுகைக்காரர்களுக்கு 66 என்று எண்ணும் கொடுத்தார்கள். ஒன்பது ஆண்டுகள்! புகைபிடிப்பது அளவுக்கு இடதுகை ஆபத்தா?

என்ன நடந்தது என்று பொறுமையாகப் பார்ப்போம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடதுகையால் எழுதிய குழந்தைகளை அடித்தும் மிரட்டியும் வலதுகைக்கு மாற்றினார்கள். பிற்காலத்தில் அந்தக் கொடுமை குறைந்தது. அதனால் 1990இல் இறந்த 85 வயது முதியவர்களில் "இடதுகைக்காரர்" என்று சொல்லத் தக்கவர்கள் மிகக் குறைவு. அவர்களை என்றோ வலதுகைக்காரர் ஆக்கியாகிவிட்டது. இடதுகைக்காரராகவே வளர விடப்பட்டவர்கள் இளைய தலைமுறையினர். அந்த இளைய கூட்டத்தில் 1990இல் யாராவது இறந்திருந்தால், அவர் இளம் வயதில்தான் இறந்திருக்க முடியும், வயதாகியே இருக்காதே. ஆக, சராசரியைக் கீழே இழுத்தது இடதுகை அல்ல, அவர்கள் பிறந்த ஆண்டு. பின்னர் கூடுதல் வீரர்களை எடுத்துக்கொண்டு, பிறந்த ஆண்டையும் கவனித்து அதே பேஸ்பால் ஏட்டை அலசியவர்களுக்கு அந்த ஆயுள் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் இடதுகைப் பிள்ளை இருந்தால் நிம்மதியாக எழுதவிடுங்கள்.

இவ்வளவையும் கழித்த பிறகும் நூறைத் தாண்டுவது ஒரு மகத்தான விஷயம்தான். எவ்வளவு மகத்தானது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். நடுவயதைத் தாண்டிய மனிதருக்கு, ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. நூறு வயதில் அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டிவிடுகிறது. ஆண்டுக்குப் பத்துப் பேரில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். நூறு வயதான 100 ஆண்களை ஓர் அறையில் உட்கார வைத்தால், அடுத்த ஆண்டு 60 பேர் மிஞ்சுவார்கள். அதற்கடுத்து 36. பிறகு 22. பிறகு 13. பிறகு 8. பிறகு 5. ஏழாவது ஆண்டில், 107 வயதில், மூன்று பேர். நூறைத் தொடுவதே அபூர்வம். நூறிலிருந்து 107க்குப் போவது அந்த அபூர்வத்திலும் நூறில் மூன்று.

செட் ஹாஃப் அந்த மூன்றில் ஒருவர். 1891 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ஆசினிங்கில் பிறந்தார். இன்றைய யாங்கீஸ் அணி ஹைலேண்டர்ஸ் என்ற பெயரில் இருந்தபோது, 1911இல் அதில் பிட்சராகச் சேர்ந்தார். முதன்முதலில் களம் இறங்கியபோது எதிரே நின்ற மட்டைக்காரரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினாராம். மறுநாள் செய்தித்தாளைப் பார்த்த பிறகுதான் அது டை காப், அந்தக் காலத்தின் தலைசிறந்த மட்டையாளர், என்று தெரிந்ததாம். முதுமைவரை அவர் ஆசையாகச் சொல்லிவந்த கதை இது. நான்கு பருவங்களில் மொத்தமாகச் சில ஆட்டங்கள்தான் ஆடினார். 1998 செப்டம்பரில் புளோரிடாவில் இறக்கும்போது வயது 107. மனிதன் விமானத்தில் பறப்பதற்கு முன்பே பிறந்து, நிலவில் கால் வைத்து வந்து ஒரு தலைமுறை ஆன பிறகு மறைந்தவர்.

வயதைப் பற்றிப் பேசும்போது, அந்த வயது உண்மையா என்றும் கேட்டாக வேண்டும். உலகெங்கும் அதிமுதியவர்கள் என்று சொல்லப்படுபவர்களில் சிலருக்கு வயது கூட்டிச் சொல்லப்பட்டிருக்கிறது. பேஸ்பாலில் இது தலைகீழ். இளம் வீரரைத்தான் அணிகள் விரும்பும் என்பதால் வீரர்கள் தங்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள். கியூபாவின் சாகுவா லா கிராண்டே ஊரைச் சேர்ந்த கோனி மரேரோ அதற்கு நல்ல உதாரணம். குள்ளமான, சுருட்டுப் பிரியரான பிட்சர். வாஷிங்டன் அணிக்காக அவர் 1950இல் முதல் ஆட்டம் ஆடியபோது 39 நிறைய நான்கு நாட்களே இருந்தன. மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் தொடங்கியவர், அடுத்த ஆண்டே நட்சத்திர அணிக்குத் தேர்வானார். அவர் ஆடிய காலத்தில் அவருடைய பிறந்த ஆண்டைப் பற்றிப் பல விதமாகச் சொல்லப்பட்டது. 1911 ஏப்ரல் 25 என்பதே ஏற்கப்பட்ட தேதி. 2014 ஏப்ரல் 23 அன்று ஹவானாவில் மறைந்தார். 103க்கு இரண்டு நாள் குறைவு.

இந்த இரண்டு நாளை எண்ணும்போது டாம் ஜோர்டன் நினைவுக்கு வருகிறார். கேட்சர். 2019 ஆகஸ்ட் 26 அன்று இறந்தார். நூறாவது பிறந்தநாளுக்குப் பத்து நாட்கள் இருந்தன. எந்த நூறு வயதுப் பட்டியலிலும் அவர் பெயர் வராது.

கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பெரிய சல்லடைக்கு வருகிறேன். நான் இதுவரை சொன்ன மேஜர் லீக் ஏட்டில், 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கறுப்பின வீரர்களுக்கு வரி ஒதுக்கப்படவே இல்லை. உடல்வலு போதவில்லை என்பதற்காக அல்ல, தோலின் நிறத்துக்காக. அவர்கள் தங்களுக்கென நீக்ரோ லீக் என்று அழைக்கப்பட்ட தனி அணிகளில் ஆடினார்கள். சம்பளம் குறைவு, பயணம் கடினம், பல ஊர்களில் தங்க அறையும் உண்ண உணவகமும் கிடையாது. அந்த ஆட்டங்களின் பதிவுகளும் சரிவரக் காக்கப்படவில்லை. ஆகவே "பேஸ்பால் வீரர்களின் ஆயுள்" என்று பழைய ஆய்வுகள் சொன்னபோதெல்லாம், நடைமுறையில் அது பெரும்பாலும் வெள்ளையர்களின் ஆயுள். வெள்ளையர்களை மட்டும் எடுத்து, எல்லா இனத்தவரும் அடங்கிய பொதுமக்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் பெருகித் தெரியும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

2020 டிசம்பரில்தான் மேஜர் லீக் நிர்வாகம் 1920 முதல் 1948 வரையிலான அந்த லீக்குகளையும் தனக்கு நிகரானவை என்று ஏற்றது. 2024இல் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வ ஏட்டில் சேர்ந்தன. அந்த லீக்குகளில் ஆடியவர்களைப் பாருங்கள். ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்றில் கேட்சராகவும் மற்றதில் பிட்சராகவும் நின்றதால் "இரட்டைப் பணி" என்று பட்டப்பெயர் பெற்ற டெட் ராட்கிளிஃப், 103 வயது. நீக்ரோ லீக்கில் ஆடிய முதல் புவேர்ட்டோ ரிக்கோக்காரர் எமிலியோ நவாரோ, 105 வயது. பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் அணியில், பின்னாளில் பெரும் நட்சத்திரமான வில்லி மேஸோடு ஆடிய பில் கிரீசன், இரண்டாம் உலகப் போரின் இவோ ஜிமா போர்க்களத்திலிருந்து உயிரோடு திரும்பி, பிட்சராகி, பின்னர் பாதிரியாராகி, 2024 ஜூனில் ரிக்வுட் மைதானத்தில் விழாவின் முதல் பந்தைத் தன் 99ஆம் வயதில் எறிந்தார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் மேஸ் இறந்திருந்தார். அந்த செப்டம்பரில் கிரீசனுக்கு நூறு நிறைந்தது.

இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் சைலஸ் சிம்மன்ஸ். 1895 அக்டோபர் 14 அன்று டெலவேர் மாநிலத்தில் பிறந்தார். பேப் ரூத் பிறந்ததும் அதே 1895இல்தான். ரூத்தைப் போலவே சிம்மன்ஸும் இடதுகையால் பந்து எறிந்தவர். இருபது வயது ஆவதற்கு முன்பே பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் பகுதி அணியில் ஆடத் தொடங்கி, 1920களில் லிங்கன் ஜயண்ட்ஸ், கியூபன் ஸ்டார்ஸ் அணிகள்வரை வந்தார். பிறகு ஒரு கடையில் வேலைக்குப் போனார், குடும்பம் நடத்தினார், வயதான காலத்தில் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அங்கே இருக்கும் அந்தத் தாத்தா ஒரு காலத்தில் நீக்ரோ லீக் பிட்சர் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது 2006இல்தான். எந்த ஆயுள் ஆய்விலும் அதுவரை அவர் ஓர் எண்ணாகக்கூட இருந்ததில்லை.

அந்த அக்டோபரில் அவருக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். பழைய நீக்ரோ லீக் வீரர்கள் பலர் வந்திருந்தார்கள். உள்ளூர் மேஜர் லீக் அணியான டாம்பா பே, அவருக்கு ஒரு சீருடை தந்தது. முதுகில் எண் 111. பதினைந்து நாள் கழித்து, அக்டோபர் 29 அன்று, அவர் இறந்தார். தன்னோடு ஒரே ஆண்டில் பிறந்த பேப் ரூத் மறைந்து 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.